கடைக்கோடிக் குழாய்

ஆட்சி என்னும் சொல்லைக் கேட்டவுடன் தில்லியில் உள்ள நாடாளுமன்றமும், சென்னைக் கோட்டையில் உள்ள சட்டமன்றமும் நம் நினைவிற்கு வருகின்றன. போரும் அமைதியும், பெருந்தொழில்களும் பேரணைகளும் அங்கே ஆராயப்படுகின்றன. அவை பெருஞ்செயல்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும், காலையில் கண்விழித்து முகம் கழுவும்பொழுது நம் கையில் விழும் நீரை அனுப்பியது எந்த ஆட்சி? பள்ளிக்குச் செல்லும் வழியில் நாம் நடக்கும் தெருவைப் பெருக்கி வைத்தது எந்த ஆட்சி? மாலையில் இருள் சூழும்பொழுது தெருமுனையில் விளக்கேற்றுவது எந்த ஆட்சி? இவை யாவும் நம் ஊரை ஆளும் சிற்றாட்சியின் செயல்களே ஆகும்.

இச்சிற்றாட்சி செவ்வனே நடைபெறும் நாளில் அதனை எவரும் நினைப்பதில்லை. குழாயில் நீர் வந்தால் அது இயற்கை என எண்ணுகிறோம். வாராதொழிந்தால்தான் ஆட்சியை நினைக்கிறோம். ஆதலின் ஒரு சிற்றூரோ, சிறு நகரமோ நாள்தோறும் எவ்வாறு ஆளப்படுகின்றது என்பதை மாணவர்கள் அறிந்திருத்தல் நலம். அறிந்தால், அவ்வாட்சியில் தமக்கும் ஒரு பங்குண்டு என்பது தானே விளங்கும்.

தமிழ்நாட்டில் நகர்ப்புற உள்ளாட்சி மூவகைப்படும். பெருநகரங்களை மாநகராட்சியும், அடுத்த நிலையில் உள்ள நகரங்களை நகராட்சியும் ஆள்கின்றன. சிற்றூருக்கும் நகரத்துக்கும் இடைப்பட்ட ஊர்களை ஆள்வது பேரூராட்சி. 2022 ஆம் ஆண்டுத் தேர்தலின்பொழுது இத்தகைய பேரூராட்சிகள் 490 இருந்தன. வயலும் உண்டு, கடைத்தெருவும் உண்டு. மாட்டுவண்டித் தடமும் உண்டு, பேருந்து நிலையமும் உண்டு. அத்தகைய ஊர்களே இவை. நாம் இங்கே அத்தகைய ஓர் ஊரையே எடுத்துக்கொள்வோம்.

பேரூர் பல வார்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு வார்டிலும் வாழ்வோர் தமக்கென ஓர் உறுப்பினரைத் தேர்ந்தெடுப்பர். அவ்வுறுப்பினர் பலரும் கூடியது மன்றம். அம்மன்றத்திற்குத் தலைவர் ஒருவரும் துணைத்தலைவர் ஒருவரும் உளர். மன்றத்தின் முடிவுகளைச் செயற்படுத்துபவர் அரசால் அமர்த்தப்பட்ட செயல் அலுவலர். அவருக்குக் கீழே எழுத்தர், வரித்தண்டலர், துப்புரவு மேற்பார்வையாளர், குழாய்ப் பணியாளர், மின்பணியாளர், தூய்மைப் பணியாளர் எனப் பலர் பணிபுரிவர். சுருங்கக் கூறின், மன்றம் எண்ணும், அலுவலகம் இயற்றும். எண்ணுவோர் மக்களுக்கு விடை கூறக் கடமைப்பட்டவர்; இயற்றுவோர் சட்டத்துக்கும் மன்றத்துக்கும் விடை கூறக் கடமைப்பட்டவர்.

இனி, அவ்வூரில் ஒருநாள் எவ்வாறு விடிகின்றது எனக் காண்போம். கோழி கூவுமுன் எழுந்து, கையில் நீண்ட இரும்புத் திருகுகோலுடன் மிதிவண்டியில் செல்பவர் குழாய்ப் பணியாளர். ஊர் உறங்கும்பொழுது அவர் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியின் அடியில் நின்று நீரின் அளவைப் பார்ப்பார். பாதாளச் சாக்கடை இல்லாத ஊர்களில் ஆள் ஒருவருக்கு நாள் ஒன்றுக்கு 70 லிட்டர் நீர் வழங்குதல் வேண்டும் என்பது நம் நாட்டில் முன்னர் வகுக்கப்பட்டிருந்த அளவு. பதினாயிரம் பேர் வாழும் ஊருக்கு நாள்தோறும் ஏழு இலட்சம் லிட்டர் நீர் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும். ஆற்றுப்படுகையிலிருந்தோ, ஆழ்துளைக் கிணற்றிலிருந்தோ அந்நீரை ஏற்றித் தொட்டியை நிரப்புதல் இரவெல்லாம் நடைபெறும் பணியாகும்.

நீர் நிறைந்தால் மட்டும் போதாது. அது தூய்மையாகவும் இருத்தல் வேண்டும். அதன்பொருட்டுக் குளோரின் கலக்கப்படுகின்றது. சலவைத்தூளைக் கரைத்துத் தெளியவைத்து, அத்தெளிநீரைத் தொட்டியில் ஊற்றுவர். இலட்சம் லிட்டர் நீருக்குச் சில நூறு கிராம் தூளே போதும். கலந்தபின் அரைமணி நேரமாவது கழிந்த பின்னரே நீரைத் திறந்துவிடுதல் முறை. தொட்டியையும் குறித்த நாட்களுக்கு ஒருமுறை கழுவி, கழுவிய நாளைத் தொட்டியின்மீதே எழுதிவைப்பர். உங்கள் ஊர்த் தொட்டியின் கீழ் நின்று அந்நாளைப் படித்துப் பாருங்கள். அது உங்கள் ஊராட்சி உங்களுக்கு எழுதிய கடிதம் எனக் கொள்ளலாம்.

நீரின் தூய்மையை எங்கே ஆராய்வது? தொட்டியின் அடியில் உள்ள குழாயில் ஆராய்ந்தால் போதுமன்றோ எனச் சிலர் வினவலாம். போதாது. ஊரின் கடைக்கோடியில் உள்ள குழாயில் ஆராய்தல் வேண்டும். ஒரு சிறு கண்ணாடிக் குழலில் நீரை எடுத்து, அதில் ஆய்வு மருந்தினைச் சில துளி விட்டால் நீர் மஞ்சள் நிறம் பெறும். அந்நிறத்தின் அடர்த்தியைக் கொண்டு, நீரில் எஞ்சியுள்ள குளோரினின் அளவை அறியலாம். லிட்டர் ஒன்றுக்கு 0.2 மில்லிகிராமேனும் எஞ்சியிருத்தல் வேண்டும் என்பது விதி. நீர் செல்லும் வழியில் அழுக்கும் நோய்க்கிருமியும் புகுந்தால், அவற்றை எதிர்ப்பதிலேயே குளோரின் செலவாகிவிடும். ஆகவே கடைசிக் குழாயில் மஞ்சள் நிறம் தோன்றினால் வழி முழுவதும் நலமாக உள்ளது என்று பொருள். நிறம் தோன்றாவிடின் எங்கோ தீங்கு நேர்ந்துள்ளது என்று பொருள்.

இச்சிறு சோதனையின் உட்பொருளை யான் முழுதும் உணர்ந்தது ஏட்டைப் படித்து அன்று. என் பிழையினால் ஆகும். அதனை மறையாது கூறுகின்றேன்.

யான் தமிழாசிரியனாகப் பணிபுரிந்த ஊரும் இத்தகைய பேரூரே. என் வீடு மேட்டுத் தெருவில், தொட்டிக்கு அணித்தாக இருந்தது. ஒரு கோடையில் நீர் வரும் நேரம் குறைக்கப்பட்டது. அண்டை வீட்டார் சிலர் தெருக்குழாயின் இணைப்பில் நேரே மின்மோட்டாரைப் பொருத்தி நீரை இழுக்கத் தொடங்கினர். அது விதிக்கு மாறானது என்பதை யான் அறியாதவன் அல்லேன். ஆயினும், "எல்லாரும் செய்கின்றனர், நாம் மட்டும் வறண்டு கிடப்பதா?" என்று யானும் ஒன்றை வாங்கிப் பொருத்தினேன். என் தொட்டி கால்மணி நேரத்தில் நிறைந்தது. யானும் மகிழ்ந்தேன்.

சில வாரங்கள் சென்றன. ஊரின் தாழ்வான கடைக்கோடித் தெருவில் பலருக்கு வயிற்றுப்போக்குக் கண்டது. என் வகுப்பிற் படித்த சிறுமி ஒருத்தி அத்தெருவினள். மூன்று நாள் அவள் இடம் வெறுமையாகக் கிடந்தது. அரசு மருத்துவமனையில் அவளுக்கு நரம்பின் வழியே நீர் ஏற்றுகின்றனர் என்று தோழியர் கூறினர். அவ்வாரம் அவ்வகுப்பில் யான் நடத்திக்கொண்டிருந்த பாடம் திருக்குறளின் வான்சிறப்பு அதிகாரம்.

பேரூராட்சி அலுவலர்கள் உடனே சோதனையில் இறங்கினர். தொட்டியின் அடியில் நீர் மஞ்சள் நிறம் காட்டிற்று. நடுத்தெருவிலும் காட்டிற்று. கடைக்கோடிக் குழாயில் எடுத்த நீரோ நிறமின்றி நின்றது. இடையே ஓரிடத்தில் குடிநீர்க் குழாய் சாக்கடையின் அடியாகச் செல்கின்றது. அங்கே தோண்டிப் பார்த்தபொழுது குழாயின் பொருத்து ஒன்று விரிசல் கண்டிருந்தது. "விரிசல் பழையதுபோல் தோன்றுகின்றதே, இதுகாறும் நேராத தீங்கு இப்பொழுது எவ்வாறு நேர்ந்தது?" என்று தலைவர் வினவினார். அதற்குக் குழாய்ப் பணியாளர் கூறிய விடையை யான் இன்றளவும் மறந்திலேன்.

"குழாயில் நீர் அழுத்தத்தோடு ஓடும்பொழுது விரிசலின் வழியே நல்ல நீர் வெளியே கசியுமேயன்றி, வெளியில் உள்ள அழுக்கு உள்ளே புகாது. மேட்டுத் தெருவில் மோட்டார் வைத்து இழுத்தால் குழாயினுள் அழுத்தம் அற்றுப்போகும். அப்பொழுது குழாய் வெளியில் உள்ளதை உறிஞ்சத் தொடங்கும். விரிசல் சாக்கடைக்குள் இருந்தால் சாக்கடையையே உறிஞ்சும்" என்றார் அவர்.

அவர் என் பழைய மாணவர். மேட்டுத் தெருவில் வீடுதோறும் பார்த்துக்கொண்டு வந்தவர், என் வாயிலில் நின்று, "ஐயா, தங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கின்றது" என்று தலைகுனிந்து கூறினார். தலைகுனிய வேண்டியவன் யான். என் தெருவில் மட்டும் பதினொரு மோட்டார்கள் எடுக்கப்பட்டன. தண்டத்தொகையைச் செலுத்தினேன். சிறுமி நலம்பெற்று வகுப்பிற்கு வந்தாள். அவளிடம் யான் உண்மையைக் கூறினேன். "இப்பொழுது எங்கள் தெருவில் நீர் நன்றாக வருகின்றது, ஐயா" என்றாள் அவள். வேறொன்றும் கூறவில்லை.

அன்று யான் கற்றது இது: ஊராட்சியின் நன்மை தீமைகளை மேட்டுத் தெருவில் நின்று அறிய இயலாது, கடைக்கோடிக் குழாயில் நின்றே அறிதல் வேண்டும். நீருக்கு மட்டுமன்று, ஊர்ப்பணி எல்லாவற்றிற்கும் இதுவே அளவுகோல் ஆகும்.

எடுத்துக்காட்டாகக் குப்பையை நோக்குவோம். விடியற்காலையில் தூய்மைப் பணியாளர்கள் தள்ளுவண்டியுடன் தெருத்தெருவாக வருகின்றனர். மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் வீட்டிலேயே பிரித்துக் கொடுத்தல் வேண்டும் என நடுவணரசின் 2016 ஆம் ஆண்டு விதிகள் கூறின. காய்கறித் தோலையும் எஞ்சிய சோற்றையும் தனியே கொடுத்தால் அவை எருவாகும். தாளும் நெகிழியும் தனியே கொடுத்தால் விலையாகும். இரண்டையும் ஒன்றாகக் கட்டி எறிந்தால், அம்மூட்டையை ஒருவர் தம் கையால் அவிழ்த்துப் பிரிக்க வேண்டும். அதனுள் உடைந்த கண்ணாடி இருக்கலாம், ஊசியும் இருக்கலாம். நாம் அரை நிமிடம் செய்ய மறுத்த வேலை மற்றொருவரின் விரலில் குருதியாக வடிகின்றது.

மனிதக் கழிவை மனிதர் கையால் அள்ளும் கொடுமையையும், காப்பின்றிக் கழிவுநீர்க் குழிகளில் மனிதரை இறக்குவதையும் தடுக்க 2013 ஆம் ஆண்டில் சட்டம் இயற்றப்பட்டது. துப்புரவுப் பணியாளர் என்னும் பெயரைத் தூய்மைப் பணியாளர் எனத் தமிழ்நாட்டரசு 2020 ஆம் ஆண்டில் மாற்றியது. பெயர் மாறியது நன்று. அப்பெயருக்கு ஏற்ற மதிப்பைக் கொடுப்பது நம் வீட்டு வாயிலிலிருந்து தொடங்குதல் வேண்டும்.

கொசு ஒழிப்பும் அத்தகையதே. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு சாக்கடையில் பெருகுவதன்று. தெளிந்து தேங்கிய நன்னீரிலேயே பெருகும். முட்டை கொசுவாதற்கு ஏழு முதல் பத்து நாள் வரை ஆகும். ஆகையால் வாரம் ஒருமுறை ஒவ்வொரு வீட்டிலும் நீர்த்தொட்டியையும், உடைந்த சட்டியையும், கழித்துப்போட்ட வண்டிச் சக்கரத்தின் உறையையும் கவிழ்த்து உலர்த்தினால் கொசு பிறவாது. தொண்ணூற்றொன்பது வீட்டார் இதனைச் செய்து ஒரு வீட்டார் செய்யாவிடின், அவ்வொரு வீட்டுக் கொசு அடுத்த வீட்டுக்குச் செல்லும்பொழுது இசைவு கேட்பதில்லை. ஊராட்சியின் பணியாளர் கதவைத் தட்டும்பொழுது முகம் சுளித்தல் அறியாமையே ஆகும்.

பொழுது ஏறியபின் அலுவலகம் திறக்கப்படுகின்றது. அங்கே வருவோர் யாவர்? பிறந்த மகவுக்குச் சான்று வேண்டி வரும் தந்தை ஒருவர். இறந்த கணவரின் சான்று வேண்டி வரும் மூதாட்டி ஒருவர். வீடு கட்ட இசைவு கேட்டு வரைபடத்துடன் வருபவர் ஒருவர். தெருவிளக்கு எரியவில்லை என்று முறையிட வருபவர் ஒருவர். பிறப்பையும் இறப்பையும் 21 நாட்களுக்குள் தெரிவித்துப் பதிவுசெய்தல் வேண்டும் என்பது 1969 ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி அமைந்த முறை. 2023 ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் தொட்டுப் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதலியவற்றில் பிறந்த நாளைக் காட்டும் சான்று பிறப்புப் பதிவுச் சான்றே என விதிக்கப்பட்டுள்ளது. எழுத்தர் ஓர் எழுத்தைப் பிழைபட எழுதினால், அப்பிழை ஒரு குழந்தையின் வாழ்நாள் முழுவதும் உடன் வரும். ஆதலின் சிறுபணி எனக் கருதத்தக்கது அவ்வலுவலகத்தில் ஒன்றும் இல்லை. படித்தவர் எளிதிற் பெறும் சான்றைப் படிக்காத மூதாட்டியும் அதே நாளிற் பெறுகின்றாரா என்பதே அங்கே கடைக்கோடிக் குழாய்.

இப்பணிகளுக்கெல்லாம் பொருள் எங்கிருந்து வருகின்றது? சொத்துவரி, தொழில்வரி, குடிநீர்க் கட்டணம், கடை வாடகை, சந்தைக் குத்தகை முதலியன ஊரிலேயே தண்டப்படுவன. மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரையின்படி அரசு வழங்கும் தொகை மற்றொன்று. சொத்துவரி ஆறு திங்களுக்கு ஒருமுறை செலுத்தற்பாலது. வரித்தண்டலர் வீட்டுக்கு வரும்பொழுது சிலர், "அடுத்த வாரம் வாருங்கள்" என்கின்றனர். அடுத்த வாரமும் அவ்வாறே கூறுகின்றனர். இவ்வாறு வரி நிலுவையாகுந்தோறும் ஒரு விளக்கு அணைகின்றது. ஒரு விரிசல் அடைபடாமல் நிற்கின்றது. வசதி உடையவர் தம் வீட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டிக்கொள்வர்; விளக்கும் அமைத்துக்கொள்வர். வரி குறைந்தால் முதலில் வறள்வது, வேறு வழியற்றவரின் குழாயே.

வரி கொடுத்தவர்க்குக் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு. இவ்வுரிமை நேற்று வந்ததன்று. காஞ்சிபுரத்தை அடுத்த உத்திரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில், முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. அவை கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளைச் சார்ந்தவை. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்ததையும், தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒன்றும் அறியாத சிறுவன் ஒருவனைக்கொண்டு எடுப்பித்ததையும் அவை கூறுகின்றன. இவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டோர் ஏரியைக் காக்க ஏரி வாரியமும், தோட்டத்தைப் பேணத் தோட்ட வாரியமும், பொன்னை ஆராயப் பொன் வாரியமும் எனப் பிரிந்து பணியாற்றினர். முன்னர்ப் பொறுப்பேற்றுக் கணக்குக் காட்டாதவரும், அவர்தம் நெருங்கிய உறவினரும் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படுதற்கு உரியரல்லர் என்னும் விதி அக்கல்லில் வெட்டப்பட்டுள்ளது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னரே கணக்கின் தூய்மையை ஊராட்சியின் உயிராகக் கருதினர் என்பது வியக்கத்தக்கது.

ஆனால் மற்றோர் உண்மையையும் மறைத்தல் ஆகாது. அச்சபை அந்தணர்களின் சபை. நிலமும் சொந்த மனையும் உடையவராய், வேதக்கல்வி பெற்றவராய், முப்பத்தைந்து வயதுக்கு மேல் எழுபது வயதுக்கு உட்பட்ட ஆடவரே குடவோலைக்கு உரியவர். ஏரியைத் தோண்டிய உழைப்பாளரின் பெயர் அக்குடத்தில் விழவில்லை. பெண்களின் பெயரும் விழவில்லை. முறை சிறந்ததே, குடத்தின் வாய் குறுகியது. அவ்வாயை அகலப்படுத்தியதே பின்வந்த வரலாறாகும்.

அவ்வரலாறு நெடியது. சென்னை மாநகராட்சி 1688 ஆம் ஆண்டில் தோன்றியது. இந்தியாவில் அதுவே பழமையானது. 1882 ஆம் ஆண்டில் ரிப்பன் பிரபு, உள்ளாட்சி மக்களுக்கு அரசியற் பயிற்சியளிக்கும் கருவியாதல் வேண்டும் என்னும் கருத்துடன் ஒரு தீர்மானத்தை வெளியிட்டார். அக்கருத்து வீண்போகவில்லை. இராசாசி 1917 ஆம் ஆண்டில் சேலம் நகரசபையின் தலைவரானார். தந்தை பெரியார் ஈரோட்டு நகரசபையின் தலைவராகப் பணியாற்றினார். வல்லபாய் பட்டேல் 1924 முதல் 1928 வரை ஆமதாபாத் நகரசபையின் தலைவராக விளங்கினார். நாட்டின் பெருந்தலைவர் பலர் சாக்கடையையும் குடிநீரையும் பற்றிச் சிந்தித்து ஆட்சித்திறம் பெற்றவர் என்பதை மாணவர்கள் நினைவில் இருத்துதல் வேண்டும்.

1992 ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் இயற்றிய எழுபத்து நான்காம் திருத்தம், 1993 சூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. நகர்ப்புற உள்ளாட்சிக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் வேண்டும் என்பதையும், பட்டியல் வகுப்பினர்க்கும் பழங்குடியினர்க்கும் பெண்களுக்கும் இடஒதுக்கீடு வேண்டும் என்பதையும் அது அரசியலமைப்பின் விதிகளாக்கியது. பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று இருந்ததைத் தமிழ்நாடு 2016 ஆம் ஆண்டில் பாதியாக உயர்த்தியது. குடத்தின் வாய் அகன்றது.

விதி இருந்தும் இடையூறு நேர்வதுண்டு. 2016 ஆம் ஆண்டின் இறுதி முதல் 2022 ஆம் ஆண்டு வரை தமிழ்நாட்டு நகர்ப்புற ஊர்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாதிருந்தது. தனி அலுவலர்களே ஆட்சியை நடத்தினர். நீரும் வந்தது; குப்பையும் அள்ளப்பட்டது. ஆயினும், "எங்கள் தெருவில் விளக்கில்லையே" என்று கேட்பதற்குத் தெருவில் வாழும் ஓர் உறுப்பினர் இல்லை. 2022 பிப்ரவரி 19 ஆம் நாள் தேர்தல் நடைபெற்ற பின்னரே அக்குறை நீங்கிற்று. மன்றம் எண்ணும், அலுவலகம் இயற்றும் என்று முன்னர்க் கூறினோம். எண்ணுவோர் இல்லாத ஆட்சி எத்துணைத் திறமையுடையதாயினும் செவிப்புலன் அற்றது.

மன்றக் கூட்டத்தில் நிகழ்வது யாது? ஒருவர் தம் வார்டுக்குச் சாலை வேண்டும் என்பார். மற்றொருவர் சந்தையில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை என்பார். வேறொருவர் சுடுகாட்டுக்குச் செல்லும் வழியில் விளக்கு வேண்டும் என்பார். எல்லாம் வேண்டுவனவே, ஆனால் கையில் உள்ள பொருளோ ஒன்றுக்கே போதும். எதனை முன்வைப்பது, எதனைப் பின்வைப்பது என்று தேர்வதே ஆட்சியின் அரும்பணியாகும். உரத்துப் பேசுவோரின் தெருவுக்குச் சாலையும், பேசத் தெரியாதவரின் தெருவுக்குப் புழுதியும் கிடைக்குமாயின் அது ஆட்சி ஆகாது. நல்ல உறுப்பினர் தம் வார்டுக்காக வாதாடுவார். மற்றொரு வார்டின் துன்பம் பெரிதெனக் கண்டால் தம் வேண்டுகோளை அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைக்கவும் இசைவார். அத்தகையோர் பெயர் செய்தித்தாளில் வருவதில்லை. அவரால் ஊர் வாழ்கின்றது.

மாணவர்களாகிய உங்களுக்கு இன்று வாக்குரிமை இல்லை. எனினும் செய்யத்தக்க செயல்கள் உண்டு. வீட்டுக் குப்பையைப் பிரித்துக் கொடுக்கலாம். வாரம் ஒருமுறை தேங்கிய நீரைக் கவிழ்க்கலாம். ஒழுகும் தெருக்குழாயைக் கண்டால் அலுவலகத்துக்குச் சென்று தெரிவிக்கலாம். தூய்மைப் பணியாளரை முறை கூறி, "அண்ணே", "அக்கா" என்று அன்புடன் அழைக்கலாம். ஒருநாள் மன்றக் கூட்டத்தின் தீர்மானங்களைக் கேட்டறிந்து, அவற்றுள் எவை செயலாயின என்று பார்க்கலாம். ஊர் கூடினால்தான் தேர் நகரும். வடத்தைப் பிடியாமல் ஓரத்தில் நின்றுகொண்டு, தேர் நகரவில்லையே என்று குறைகூறுதல் எளிது.

பணி ஓய்வு பெற்றபின் யான் நாள்தோறும் காலையில் உலாவச் செல்வதுண்டு. மேட்டுத் தெருவில் தொடங்கிக் கடைக்கோடித் தெருவில் முடிப்பது என் வழக்கம். அங்கே ஒரு தெருக்குழாய் உண்டு. குடங்கள் வரிசையாக இருக்கும். நீர் நன்றாக விழும் நாளில் அங்கே பேச்சும் சிரிப்பும் கேட்கும். நூலென விழும் நாளில் பூசல் கேட்கும். அவ்வொலியைக் கொண்டே ஊராட்சி அன்று எவ்வாறு உள்ளது என்பதை அறிந்துகொள்வேன். அதன்பின் வீடு திரும்பி, என் குழாயையும் ஒருமுறை பார்த்துக்கொள்வேன்.